பேரும் பேறும்



மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பைப் பேர் என்று சொல்லுகிறார்கள். விடிவதற்குள், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் ஆஜராகி, மலைக்கு ஏறி, நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்தெடுத்து, மாலையில் கொழுந்து மடுவத்திலே தராசில் காட்டினவளுக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். வராதவளுக்குப் பேரே கிடையாது. குழந்தை பெறுவதையோ நம்மவர் பேறு என்று வழங்கினார்கள். எழுத்தளவில் இவ்வளவு நெருங்கி நிற்கிற இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே தேயிலை மலைகளில் நூற்றைம்பது வருஷ காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது; அந்த வழக்கிலே பெரும்பாலும் பேரே வென்று வந்திருக்கிறது. இலங்கை மலைநாட்டிலே தொழிலாளர் வரிசை வீடாகிய லயத்தின் காம்பராவில் பிறந்து, பின்னர் வைத்தியம் படித்து, அந்த மலைகளிலேயே கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்து வந்தவள் என்ற உரிமையினால், அதைப் பற்றிச் சிறிது பேச அனுமதி கேட்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னர், ஒரு தோட்டத்துக் கிளினிக்கிலே, எட்டு மாதக் கர்ப்பிணியான ஒரு பெண் தன் அட்டையை என் மேசைமீது வைத்தாள். கர்ப்பிணித் தாய்மார் அட்டையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லுகிறேன்: மாதந்தோறும் எடை, இரத்த அழுத்தம், கருப்பையின் உயரம், சிறுநீரில் புரதம் உண்டா இல்லையா என்பன போன்ற விவரங்களைக் குறிப்பதற்காக அதிலே கட்டங்கள் இருக்கும். அந்தப் பெண்ணின் அட்டையில் ஐந்தாம் மாதக் கட்டமும் ஆறாம் மாதக் கட்டமும் வெறுமையாகக் கிடந்தன. இரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் ஏழரைக்குச் சற்று மேல். கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் குறையலாகாது என்பது வைத்திய சாஸ்திரம் வகுத்த எல்லை. நான் கொஞ்சம் கடுமையாகவே, "ஏன் தங்கச்சி, இடையில் இரண்டு மாதம் வரவில்லை?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லாமல், அட்டை வைத்திருந்த அதே பொலித்தீன் பைக்குள் கைவிட்டு, மடித்திருந்த சம்பளத் துண்டுகள் இரண்டை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அந்த ரெண்டு மாசமும் கொழுந்து நல்லா இருந்திச்சு டொக்டரம்மா. இங்க வந்தா ஒரு பேர் போயிருமே" என்றாள்.

போவது ஒரு பேர் மட்டுமன்று. நாட்சம்பளத்தோடு வரவுக்கென்று தனியாக ஒரு கொடுப்பனவு சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. வேலை நாட்களில் முக்காற்பங்கிற்குக் குறையாமல் வந்தவளுக்கே அது கிடைக்கும். ஆகவே மாதக் கடைசியில் ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தவள் அந்த ஒரு நாளையும் இழப்பாள், சில சமயம் அம்மாதத்தின் கொடுப்பனவு முழுவதையுமே இழப்பாள். அட்டையில் எந்த மாதங்கள் வெறுமையோ, அந்த மாதங்களின் துண்டிலே பேர் குறையாமல் விழுந்திருந்தது. நான் படித்த எந்த வைத்திய நூலும் அந்த இரண்டு காகிதங்களைப் போல எனக்குத் தெளிவாகப் பாடம் சொன்னதில்லை. சிகிச்சை இலவசம், குளிசை இலவசம், ஆஸ்பத்திரிக் கட்டில் இலவசம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிறோம். அந்தப் பெருமைக்கு இந்நாடு உரியதுதான். ஆனால் அவ்விலவசத்தைப் பெற்றுக்கொள்ள வருகிற நாளுக்கு ஒரு தொழிலாளிப் பெண் தன் சம்பளத்தை விலையாகக் கொடுக்கிறாள் என்பதை நாம் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1820களிலே கோப்பிக்காகத் தொடங்கிய குடிப்பெயர்ச்சியில், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து வந்தவர்கள் முதலில் பெரும்பாலும் ஆண்களே. கோப்பிப் பழம் ஒரு பருவத்தில் பறிப்பது. பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம். 1869 இல் கோப்பி இலைகளில் நோய் கண்டு அப்பயிர் அழிந்தபின், 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலையெங்கும் பரவிற்று. தேயிலையோ வருஷம் முழுவதும் துளிர்ப்பது, வாரத்துக்கு வாரம் கொய்ய வேண்டுவது; அதற்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. அதனால்தான் குடும்பங்கள் வந்தன, லயங்கள் எழுந்தன, அந்த லயங்களிலே குழந்தைகளும் பிறந்தன. தோட்டத்துக்கு அக்குழந்தைகள் வருங்காலக் கைகளாகவும், அவர்களைச் சுமக்கும் காலம் இப்போதைய கைகளுக்கு ஏற்படும் தடையாகவும் தோன்றின. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவிலேதான் தோட்டத்துத் தாயின் ஆரோக்கியம் அகப்பட்டுக்கொண்டது.

சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 1872 இலேயே தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வதற்காகச் சட்டம் பிறந்தது. 1912 ஆம் ஆண்டின் சட்டம், தோட்டத்திலே பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் கொடுக்க வேண்டும் என்றும், அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது என்றும் துரைமார்மீது கடமை விதித்தது. 1916 இல் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதும் இத்தோட்டங்களிலேதான். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடக்கிற ஜனங்களின் இரத்தத்தை அந்தப் புழு குடித்துக்கொண்டிருந்தது. 1939 இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தி வைக்கும் பொறுப்பு தோட்டத்தின் கையிலேயே விடப்பட்டது. வேலை வாங்குகிறவரே வைத்தியமும் பார்க்க வேண்டும். பேர் பதிகிற செக்ரோல் புத்தகம் இருக்கிற அதே கந்தோரிலிருந்தே டிஸ்பென்சரிக்கும் பணம் வர வேண்டும். அந்த ஏற்பாட்டின் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் களைப்பை நோய் என்று சொல்லவோ சோம்பல் என்று சொல்லவோ அதிகாரம் பெற்றவர், அவளுடைய உழைப்பினால் லாபமடைகிறவராகவும் இருப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

கிராமத்துப் பெண்ணின் கதை வேறு விதமாக நடந்தது. 1926 இல் களுத்துறையிலே முதற் சுகாதாரப் பிரிவு ஏற்பட்டபின், அரசாங்க மருத்துவமாது வீடுவீடாகப் போகத் தொடங்கினார். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், கையிலே பையுடன், வரப்பிலும் வாய்க்காலிலும் நடந்து, கர்ப்பிணிகளைப் பேர் சொல்லி அறிந்து வைத்திருந்த அந்தப் பெண்கள் செய்த காரியம் உலகமே வியந்த காரியம். 1930களின் முற்பகுதியில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த தேசத்திலே, இன்று அந்தத் தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமாதின் நடை வெகுகாலம் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. 1948 இல் குடியுரிமையும் அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்ட ஜனங்களுக்காக எந்தப் பிரதிநிதி எந்தச் சபையிலே மருத்துவமாதைக் கேட்டு வாதாடியிருக்கக் கூடும்? 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டபோது, எந்தப் பங்கில் விழுவோம் என்று தெரியாமலே எத்தனையோ பெண்கள் கர்ப்பம் தரித்தார்கள், பெற்றார்கள், வளர்த்தார்கள். 2003 இல் மீதமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அதற்குப் பின்னரும், தோட்டத்துக்குள்ளே பாதை முதலியவற்றுக்குப் பொதுப்பணம் செலவிடப் பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த தடை நீங்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாதையைச் சொன்னவுடன் என் வீட்டுக் கதையொன்றைச் சொல்லத் தோன்றுகிறது. என் தாயார் என் தம்பியைச் சுமந்திருந்தபோது, ஒரு மழைநாள் பிற்பகல், மாதம் நிறையுமுன்பே உதிரம் கண்டது. டிஸ்பென்சரியிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். தோட்டத்தில் இருந்த ஒரே வாகனம் கொழுந்து லொறி. அது மடுவத்திலே மாலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு நின்றது. கொழுந்து சாக்குக்குள் அதிக நேரம் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். ஆகையால் முதலில் தேயிலைத் தொழிற்சாலையாகிய ஸ்டோருக்குப் போய் இறக்கிவிட்டு வருவோம், அதுவரை பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தகப்பனார் கெஞ்சிப் பார்த்தார். லொறி போய்த் திரும்பி வரும் வரையில் தாயார் லயத்து இஸ்தோப்பிலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்துக் காம்பராப் பாட்டி அவருடைய பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். லொறி வந்தபோது அதன் தட்டிலே தேயிலை இலைகள் ஒட்டிக்கிடந்தன. அவற்றின் மேலேதான் படங்குச் சாக்கை விரித்துத் தாயாரைக் கிடத்தினார்கள். தாயார் பிழைத்தார். தம்பி பிழைக்கவில்லை. அந்தச் சாரதியையோ கணக்கப்பிள்ளையையோ நான் என்றும் சபித்ததில்லை. அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். எது முந்த வேண்டும் என்ற ஒழுங்கு அவர்களுக்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. இன்று 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. அது பெரும் நன்மை. ஆனால் பெருந்தெருவிலிருந்து மேல்மலை லயத்துக்கு ஏறும் பாதை குண்டும் குழியுமாக இருக்கும் தோட்டங்களிலே, அம்புலன்ஸ் கீழே நிற்க, கர்ப்பிணியைக் கம்பளியிலே ஏந்தி இறக்கிக்கொண்டு வருகிற காட்சியை இப்போதும் காணலாம்.

இனி மலைமீது நிற்கும் தேகத்தைக் கவனிப்போம். சரிவிலே பாதத்தை ஊன்றி, இடுப்பிலே படங்கு கட்டி, நெற்றியில் கயிறு தாங்க முதுகிலே கூடை நிறைந்துகொண்டே வர, காலை முதல் மாலை வரை நிற்கிற பெண்ணுக்கு என்னென்ன நேருகின்றன? மலையிலே மலசலகூடம் இல்லை. ஆண் கங்காணி மேலே நிற்கையில் மறைவு தேடிப் போக வெட்கப்பட்டு, பெண்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளுகிறார்கள். அதன் பயனாக மூத்திரப்பாதையில் அழற்சி உண்டாகிறது. கர்ப்பிணிகளிடத்தில் அது குறைமாதப் பிரசவத்துக்கே வழிவகுக்கும். பிரசவித்த சில மாதங்களுக்குள் மறுபடியும் பாரம் சுமப்பதால், தளர்ந்த தசைகள் இறுகுமுன்னே கருப்பை இறங்கிவிடுகிறது. 'அடி இறங்கிடுச்சு' என்று மூதாட்டிகள் காதோடு காதாகச் சொல்லுகிற அந்தத் துன்பத்தோடு பதினைந்து இருபது வருஷம் வேலை செய்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வைத்தியரிடம் ஒரு முறையேனும் அதைப் பற்றி வாய் திறந்தவர்கள் வெகு சிலர்.

இரத்தசோகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் ஒரு கோதுமை மா ரொட்டி, கூடவே சாயத்தண்ணி. மதியமும் அநேகமாக அதுவே. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலிருக்கும் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, உடலிற் சேரவிடாமல் தடுக்கிறது. உலகத்துக்கெல்லாம் தேயிலை கொடுக்கிற பெண், தான் உண்ணும் சொற்ப உணவின் இரும்பையும் அந்தத் தேயிலைக்கே பறிகொடுக்கிறாள். மருத்துவமாது கொடுக்கும் இரத்தக் குளிசையையும் பலர் சாயத்தண்ணியோடுதான் விழுங்குகிறார்கள். அப்படி விழுங்கினால் அதன் பயன் குறைந்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணிநேரம் விடுங்கள் என்று நான் சொன்னால், "மலைல தேத்தண்ணிக்கு ஒரு நேரந்தான் விடுவாங்க, டொக்டரம்மா" என்று பதில் வருகிறது. வைத்திய ஆலோசனையும் கடைசியில் வேலை மணியிலே வந்து முட்டிக்கொள்ளுகிறது. இப்படிச் சோகை பிடித்த தாயின் வயிற்றிலே எடை குறைந்த குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை வளர்ச்சி குன்றிய பிள்ளையாகிறது. 2016 ஆம் ஆண்டு எடுத்த தேசியக் கணிப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் உயரம் குன்றியவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு. தோட்டங்களில் மட்டும் நூற்றுக்கு முப்பத்திரண்டு.

பிரசவ லீவு 84 நாள். 2018 வரை மூன்றாவது குழந்தைக்கு அதிலும் பாதியே கிடைத்தது. அந்த வேற்றுமையை அவ்வருஷத்துச் சட்டத் திருத்தம் நீக்கியது நன்று. ஆனால் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறொன்றும் கொடுக்க வேண்டாம் என்று சுவரிலே நாம் ஒட்டிய விளம்பரத்தின் கீழ், மூன்றாம் மாதத்திலேயே குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அவள் மலைக்குப் போகிறாள். பாலூட்ட இடைவேளை கொடுக்கச் சட்டம் இருக்கிறது. மலையோ தொலைவு; இறங்கி, ஊட்டி, மறுபடி ஏறுவதற்குள் நிறை குறைந்துவிடும்; நிறை குறைந்தால் அரைப்பேர். முற்பகல் பத்து மணியளவில் கொழுந்தெடுக்கும் பெண்களின் நடுவே நின்று பார்த்தால், மார்பிலே சட்டை நனைந்திருக்கக் கண்டும் காணாதது போலக் கையை ஓட்டிக்கொண்டிருக்கும் இளந்தாயைக் காணலாம். அந்த ஈரத்தைப் பனி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களும் உண்டு.

கருத்தடை விஷயத்திலும் இதே கதைதான். ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் விகிதம் வெகுகாலமாக அதிகம். பலர் மனமொப்பிச் செய்துகொண்டவர்களே; அவர்களுடைய தீர்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், ஊக்கப் பணம் கொடுத்த காலத்திலே, தற்காலிக முறைகளை யாரும் விளக்கிச் சொல்லாத இடத்திலே, தனக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் அச்சிட்ட காகிதத்தில் பெருவிரலை ஒற்றியவளின் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? பிரசவ அறையிலே தன் வலியைத் தன் மொழியிலே சொல்லி, அதே மொழியிலே பதில் கேட்பது எந்தத் தாய்க்கும் உரியது. தமிழ் பேசும் மருத்துவமாதர்கள் மலைநாட்டுக்குப் போதிய அளவில் இன்றும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளையே தெரிந்தெடுத்துப் பயிற்றுவிப்பதைவிட விரைவான மார்க்கம் எனக்குத் தெரியவில்லை.

இது நம் மலைகளுக்கு மட்டும் உரிய துயரமென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மகாராஷ்டிரத்திலே பீட் என்றொரு வறண்ட ஜில்லா இருக்கிறது. மழைக்காலம் முடிந்தவுடன் அங்கிருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் மேற்கே கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கோய்தா, அதாவது ஓர் அரிவாள்; இரண்டு மனிதர் அங்கே ஒரு கருவியாக எண்ணப்படுகிறார்கள். முகாதம் என்னும் தரகர் முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்கிறார். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அதற்குத் தண்டம். மாதவிடாய்க் காலத்திலும், வெள்ளைப்படுதலினால் வலிக்கிற நாளிலும், அந்தத் தண்டத்துக்கு அஞ்சிய பெண்களிடம், கருப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை தீரும், இல்லாவிட்டால் புற்றுநோய் வரும் என்று தனியார் வைத்தியசாலைகள் பயமுறுத்தியதாக 2019 இலே செய்தி வெளிவந்தது. மகாராஷ்டிர அரசாங்கம் நியமித்த குழு கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை விசாரித்ததில், 13,861 பேர் கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதுக்கு முன்னரே கருப்பையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அவ்வளவு சிறிய வயதில் அதை இழந்தவளுக்கு, சூலகங்கள் மிஞ்சியிருந்தாலும், மூப்பு முந்தி வரக்கூடும்; அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ எலும்புகள் சீக்கிரமே தேய்ந்து போகின்றன. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தண்டப் பணம் என்பது பேரில்லாத நாளுக்கு மறுபெயரேயல்லவா என்று நினைத்துக்கொண்டேன். நம் மலையிலே பெண் கிளினிக்கை விட்டாள். அங்கே கருப்பையை விட்டாள்.

ஆகையினாலே இந்தச் சபையில் நான் கேட்கிறது மிகச் சிறிய விஷயம். புதிய ஆஸ்பத்திரி கேட்கவில்லை. அதைக் கேட்கவேண்டியவர்கள் கேட்கட்டும். கர்ப்பிணி கிளினிக்குக்கு வருகிற நாளுக்குப் பேர் போடுங்கள். பாலூட்டும் தாய் இறங்கி ஏறுகிற நேரத்தை நிறையிலே கழித்துக்கொடுங்கள். கம்பெனிக் கணக்கிலே அதற்கு ஆகும் செலவை நானே ஒரு முறை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் எட்டு ஒன்பது நாட்சம்பளம், அவ்வளவே. குறைமாதக் குழந்தையொன்றை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் காப்பாற்றுவதற்குப் பொதுப்பணம் எவ்வளவு செலவாகிறது என்று சுகாதாரப் பகுதியார் அறிவார்கள்.

ஒரு தோட்டத்து நிர்வாகி இதற்கு இணங்கினார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். மூன்று மாதத்துக்கு மட்டும், பரீட்சார்த்தமாக, கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போட உத்தரவு கொடுத்தார். முதல் மாதம் யாரும் நம்பவில்லை; வழக்கம்போல நாலைந்து பேரே வந்தார்கள். சம்பள நாளன்று துண்டிலே அந்தப் பேர் விழுந்திருப்பதைக் கண்ட பின்னர், இரண்டாம் மாதம், கிளினிக் நடக்கும் பிள்ளைக் காம்பராவின் வாசலைத் தாண்டி முற்றம் வரையில் வரிசை நின்றது. மருத்துவமாதுக்கு நாற்காலி போதாமல், கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அட்டை எழுதினார். சென்ற மாதம் மூன்றாவது கிளினிக். நாலாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி கையில் கட்டியிருக்கும்போதே, "அடுத்த மாசமும் பேர் உண்டா, டொக்டரம்மா?" என்று கேட்டாள். உத்தரவின் தவணை அன்றோடு முடிந்தது. என்னால் அவளுக்கு ஒன்றும் சொல்ல இயலவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் அங்கே கிளினிக் இருக்கிறது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த மண்டபத்திலே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்ட நிர்வாகத்தாராகிய தங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதற்காகவே வந்தேன்.